பேராதனை இலைக்கு ஷேடு பார்த்தது

லேப்புக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான்கு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரை. எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். வேலையில் நான் செய்த பிழைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

சாயம் எப்படிப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். கண்ணில் புரை விழ ஆரம்பித்து நானாக விலகிக்கொள்ளும் வரை ஷேடு பார்ப்பதுதான் என் வேலை. அதாவது, துணி வாங்கும் பையர் ஒரு நிறத்தைக் காட்டினால் எங்கள் துணி அந்த நிறத்தில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். எல்லா வெளிச்சத்திலும் சரியாகப் பார்த்து, முழு லாட்டையும், அதாவது ஒன்றாகச் சாயம் போடும் துணி அத்தனையையும், தப்பாகப் போட வைத்தேன் ஒரு தடவை. அதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இலங்கையில் சண்டை நின்றிருந்த அந்தச் சில வருடங்களில் நடந்தது. கண்டிக்குப் பக்கத்தில் பேராதனை என்ற ஊர். அங்கே வெள்ளைக்காரன் காலத்துத் தாவரத் தோட்டம் ஒன்று இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள். அதன் வாசலுக்கு எதிரே கடை வைத்திருந்த செல்லையா என்பவர், திருப்பூரில் இருக்கும் எங்கள் கம்பெனிக்குத் தன் முதல் ஆர்டரைக் கொடுத்தார். வட்டக் கழுத்து பனியன் சட்டை. படம் வேண்டாம், எழுத்து வேண்டாம், நிறம் மட்டும் போதும் என்றார்.

நிறத்துக்கான சாம்பிள் கூரியரில் வந்தது. பையர்களோடு ஆர்டர் விவரம் பேசும் எங்கள் மெர்ச்சண்டைசர் கவிதா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், உறையைக் கிழித்துக் கவிழ்த்தாள்.

"அண்ணே, ஷேடு கார்டு வரலை. இலை வந்திருக்கு."

"உள்ள வேற ஏதாச்சும் இருக்குதா பாரு கண்ணு."

"லெட்டர் இருக்கு. 'சட்டை முழுவதும் இந்த இலையின் நிறம் வேண்டும். நுனிப் பாதி உங்களுக்கு. காம்புப் பாதி என்னிடம் பத்திரமாக உள்ளது' அப்படின்னு எழுதியிருக்காரு. முழு இலை கூட இல்லண்ணே, பாதிதான்."

பாதி கொடுத்துப் பாதி வைத்துக்கொள்வது தொழில் முறை. துணியானாலும் இரண்டாக வெட்டி அப்படித்தான் செய்வோம். மனிதர் விவரமானவர் என்று நினைத்தேன். நான் பொத்தானுக்கு ஷேடு பார்த்திருக்கிறேன். உதட்டுச் சாயத்துக்கும் கார் சீட்டின் ஒரு துண்டுக்கும் பார்த்திருக்கிறேன். இலை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. இலை பழுப்பாக இருந்தது. பழம்புளியின் நிறம், உள்ளே கொஞ்சம் சிவப்பு. லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். இரண்டே நாளில் பிடித்துவிட்டேன். துண்டுத் துணியில் ஏ, பி, சி என்று மூன்று சாயம் போட்டு அவருக்கு அனுப்பினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக ஒன்றைப் பிடித்ததில்லை. அன்று மத்தியானம் இரண்டு வடை கூடச் சாப்பிட்டேன்.

இதற்குள் குவாலிட்டி மேனேஜர் இலையை ஒரு அட்டையில் ஸ்டேப்ளர் அடித்து, இதோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதற்கு 'ஸ்டாண்டர்டு' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டார். ஸ்டாம்ப் குத்திய வேகத்தில் நுனி உதிர்ந்தது. இனிமேல் உதிரக் கூடாது என்று அனுப்பர்பாளையம் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் செய்தார். சூட்டில் இலை வெந்துவிட்டது. திரும்பி வந்தபோது தோசைக்கல் நிறத்தில் இருந்தது.

முதலாளி லேப்புக்கு வந்தார். நல்ல மனுசர், ஆனால் பொறுக்கமாட்டார். ஆகஸ்ட் மாதம் கண்டியில் பெரஹெரா திருவிழா. அதற்கு முன்னால் சட்டை அங்கே போய்ச் சேர வேண்டும்.

"அப்ரூவல் எப்படியும் வந்துரும். நீ லாட்டப் போடச் சொல்லிரு, நாச்சிமுத்து."

பையர் சரி என்று சொல்லுமுன் துணி முழுவதும் சாயம் போடக் கூடாது. எனக்கு அது தெரியும். வாய் வரை வந்தது. "சரீங்க" என்றுதான் வெளியே வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் வெளியே வரும்.

லாட் முழுக்கப் பழம்புளி நிறமாகிக் காய்ந்துகொண்டிருந்த அன்றைக்குச் செல்லையாவின் பதில் வந்தது. கவிதா அதைப் படித்தாள். "மூன்றும் இல்லை. தயவுசெய்து இலையை நன்றாகப் பாருங்கள்."

நாங்கள் இலையை நன்றாகப் பார்த்தோம். முதலாளி, மேனேஜர், கவிதா, நான் என்று நான்கு பேரும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தோம். இலை பிளாஸ்டிக்குக்குள் கரேலென்று இருந்தது.

"கருப்புத்தான் வேணுங்கறாரோ?" என்றார் முதலாளி.

"அது லேமினேஷனுக்கு அப்புறம் வந்த கருப்புங்க சார்," என்றார் மேனேஜர். "நாம லேமினேஷனுக்கு முன்னாடி இருந்த எலைக்கு மேட்ச் பண்ணோணுங்களா, பின்னாடி இருக்கற எலைக்குங்களா?"

"ஏனுங், அத ஏன் லேமினேஷன் பண்ணுனீங்க?" என்று முதலாளி கேட்டார்.

"ஸ்டாண்டர்டு கெட்டுப்போகக் கூடாதுன்னுதானுங்க சார்."

கவிதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நாங்கள் சிரிக்கவில்லை. முதலாளியின் மேசையில் ஷேடு பார்க்கும் கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றின் படத்தாள் இருந்தது. அதைத் தூக்கி என் முன்னால் போட்டார்.

"இதப் பாரு. நீ நேரா அந்த ஊருக்குப் போற. போட்ட பழுப்புக்குக் கையெழுத்து வாங்கிட்டு வர்ற. வாங்காம வந்தீன்னா லேப்புல இது ஒக்காந்துக்கும். நீ பழையபடி வின்ச்சுக்குப் போயிக்கலாம்."

வின்ச் என்பது துணியைச் சுடுதண்ணீரில் சுற்றிச் சாயம் ஏற்றும் தொட்டி. அங்கேதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்க ஈரத்தில் நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். லேப்புக்கு வந்த பிறகுதான் செருப்பு போடவே முடிந்தது.

பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. பங்களாதேஷில் ஒரு கம்பெனிக்குப் போவதாக இருந்து, அந்த ஊரில் யாரிடம் என்ன பேசுவது என்று பயந்து போகாமல் நின்றுவிட்டேன்; அப்போது எடுத்தது. திருச்சியில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, பஸ்ஸில் பேராதனை போய்ச் சேர்ந்தேன். பையில் மாற்றுத் துணி, லேமினேஷன் இலை, லாட்டிலிருந்து வெட்டிய பழுப்புத் துண்டு ஒட்டிய கார்டு.

செல்லையா என் வயதுக்காரர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கடைக்காரரானவர். "வாங்கண்ணே, வாங்க. மிச்சம் தூரம் வந்திருக்கீங்க," என்று என் பையை வாங்கிக்கொண்டார். தேநீர் கொடுத்துவிட்டு என் இலையைக் கேட்டார். கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"இது என்னாங்க?"

"நீங்க அனுப்புன இலைங்க."

"இதுவா?"

நம்பாமல் மேசை டிராயரைத் திறந்து ஒரு தடித்த நோட்டுக்குள்ளிருந்து தன்னுடைய காம்புப் பாதியை எடுத்தார். கடை வாசலுக்குக் கொண்டுபோய் இரண்டு பாதிகளையும் ஒட்ட வைத்தோம். வெட்டு வெட்டோடு பொருந்தியது. நிறம் பொருந்தவில்லை. ஒரே கிளையில் முளைத்த ஒரே இலை, இரண்டு லாட் ஆகியிருந்தது. இந்தத் தொழிலில் எதெல்லாமோ ஷேடு மாறிப் பார்த்திருக்கிறேன். அதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

பிறகு அவர் என் பழுப்புத் துண்டை எடுத்துத் தன் பாதி மேல் வைத்தார். அது அப்படியே ஒட்டியது. வெயிலில் பார்த்தார், கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்தார். இலை எங்கே முடிகிறது, துணி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"அண்ணே, அச்சு அசலா இருக்கே! அப்ப தப்பு எம்மேலதான். நான் டிராயரத் தொறந்து பாக்கவே இல்ல. மனசுல இருந்த கலரோட வச்சுப் பாத்துப்புட்டு உங்கள வீணா அலைய வச்சுட்டேன். கொடுங்க கார்டை, கையெழுத்துப் போட்டுர்றேன்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கார்டில் எழுத ஆரம்பித்தார். 'செல்' வரை எழுதிவிட்டார்.

நான் அங்கே வந்தது அந்தக் கையெழுத்துக்காகத்தான். இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது எனக்குக் கை வந்த வேலை. ஆனால் அவர் தலைக்கு மேலே கடையின் கம்பியில் சட்டைகள் தொங்கின. மஞ்சள், நீலம், ஆகாய நிறம். அவற்றுக்கு நடுவில் என் பழம்புளி தொங்குவதாக ஒரு கணம் தோன்றிவிட்டது.

"இருங்க," என்றேன்.

அவர் பேனாவைத் தூக்கினார்.

"நீங்க இந்த இலையக் கையில எடுத்தப்ப என்ன நெறமுங்க?"

"அதுவா? சின்னப் புள்ள நாக்கு மாதிரி இருக்கும்ணே. நாகமரத்துத் தளிரு. மரமே செவந்து கெடக்கும். தோட்டத்துக்கு வர்ற சனமெல்லாம் அங்கதான் நின்னு படம் புடிக்கும். அதாலதான் அந்தக் கலர்ல சட்டை போட்டா விக்கும்னு நெனச்சேன்."

"இது பழுப்புங்களே."

"ஆமா. நீங்க சொல்லவும்தான் பாக்குறேன்." தன் கையிலிருந்த பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணி முழுக்க இந்தப் பழுப்புல போட்டாச்சுங்க," என்றேன். அதைச் சொல்ல எனக்கு உத்தரவில்லை.

"போட்டாச்சா? அப்ப எதுக்குண்ணே என்னையத் தடுத்தீங்க?"

"தெரியலீங்க."

அவர் பேனாவை மூடிவிட்டு, "சரி வாங்க, மரத்தையே பாத்துருவோம்," என்றார்.

நீங்கள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கையில் வந்த சாம்பிளை நான் தப்பாகப் பார்க்கவில்லை. அது புறப்பட்டபோது எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் போதும். எனக்குப் போனில் பேச வெட்கம்.

சீட்டு வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போனோம். மகாவலி ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு பக்கமும் பனை போல நெட்டையான மரங்கள் வரிசை பிசகாமல் நிற்கும் பாதை. மர உச்சிகளில் வௌவால்கள் பட்டப்பகலில் தலைகீழாகத் தொங்கிச் சத்தம் போட்டன. நாகமரத்தடிக்கு வந்தோம். செல்லையா அண்ணாந்து பார்த்தார்.

மரம் பச்சையாக இருந்தது.

"போன மாசம் செவந்து கெடந்துச்சுண்ணே! சத்தியமா!"

"முத்தீருச்சுங்க."

மரத்தைச் சுற்றி வந்தோம். ஆற்றுப் பக்கம் தாழ்ந்த கிளை ஒன்றில் மட்டும் பிந்திய தளிர் கொஞ்சம் இருந்தது. சுடுதண்ணீரிலிருந்து எடுத்த துணி மாதிரித் துவண்டு, சிவந்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கியது. அவர் சொன்னது சரிதான். சின்னப் பிள்ளையின் நாக்கு.

ஆனால் என்னிடம் சிவப்பில் ஒரு நூல் கூட இல்லை. தோட்டத்தில் இலை பறிக்கக் கூடாது. பறித்தாலும் திருப்பூர் வருவதற்குள் புளியாகிவிடும். நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு போகவும் முடியாது. பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தேன். நான் மனதில் வைத்திருந்தது வேறாக இருந்தது.

"வாடாத, நெறம் மாறாத சாமான் ஏதாச்சும் வேணுமுங்க," என்றேன்.

செல்லையா கடையில் யானைப் பொம்மை இருந்தது, முகமூடி இருந்தது. அந்தச் சிவப்பு எதிலும் இல்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை. குளியலறை மக்குகள் சரம் சரமாகத் தொங்கின. சிவப்புக்கும் ரோஸுக்கும் நடுவில் ஏழு விதம் இருந்தது. ஏழையும் எடுத்துக்கொண்டு மறுபடி சீட்டு வாங்கினோம். சீட்டுக் கொடுப்பவர் மக்குகளை எண்ணிப் பார்த்தார். இரண்டு சீட்டு கிழித்துக் கொடுத்தார்.

தாழ்ந்த கிளைக்கு அடியில் ஒரு மக்கை நான் தூக்கிப் பிடிக்க, இன்னொன்றைச் செல்லையா தூக்கிப் பிடிக்க, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் நின்று எங்களைப் படம் பிடித்தார்கள். எங்கிருந்தோ விசில் சத்தம் வந்தது. காவலாளி ஓடி வந்தார். குடைக்குள் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளை விசில் ஊதி எழுப்புவது அவருடைய அன்றாட வேலையாம். மரத்தடியில் இரண்டு நடுவயது ஆண்களும் ஏழு மக்கும் அவருக்குப் புதிது. சிங்களத்தில் சத்தம் போட்டார்.

"என்னங்க சொல்றாரு?"

"ஆத்துல குளிக்கிறது தடையாம்ணே."

"நாம குளிக்க வரலீன்னு சொல்லுங்க."

"சொன்னேன். அப்ப ஏழு மக்கு எதுக்குன்னு கேக்குறாரு. இலைக்கும் மக்குக்கும் கலர் பாக்குறோம்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்குன்னாரு."

நான் பழுப்புக் கார்டையும் இலையின் இரண்டு பாதிகளையும் அவரிடம் நீட்டினேன். செல்லையா முழுக்கதையையும் சொன்னார். காவலாளி கேட்டுக்கொண்டே என் கையிலிருந்த மக்கை வாங்கிக் கிளைக்கு அருகில் பிடித்தார். உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். ஆறாவதைக் காட்டி ஏதோ சொன்னார்.

"இதுதானாம். ஆனா இப்ப வெயில் ஏறிருச்சாம். இந்த மரத்த அவரு தெனமும் பாக்குறாரு. காலைல எட்டு மணிக்கு வந்து பாருங்கன்னு சொல்றாரு."

ஷேடு பார்க்கத் தெரிந்த மனுசன்தான் அப்படிச் சொல்வான். மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்று பேரும் மரத்தடியில் நின்றோம். ஆறாவது மக்குத்தான். செல்லையா அதன் அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் முழுப் பெயரையும் எழுதித் தேதி போட்டார். காவலாளியும் பேனாவைக் கேட்டு வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

திருச்சியில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்து மக்கை வெளியே எடுத்தார். உள்ளே பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "என்ன இது?" என்றார். "ஸ்டாண்டர்டுங்க," என்றேன். அவர் இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி வைத்தார்.

முதலாளி அப்படி வைக்கவில்லை.

"கையெழுத்து வாங்குனியா?"

"வாங்குனனுங்க." மக்கைக் கவிழ்த்து மேசை மேல் வைத்தேன்.

"பழுப்புக்கு?"

கார்டை நீட்டினேன். 'செல்' என்பதைப் படித்தார்.

"மீதி எங்க?"

"போட்டுட்டேதான் இருந்தாருங்க. நாந்தான் நிறுத்தச் சொன்னேன்."

கவிதா கதவருகில் நின்றிருந்தாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்?"

"அது செத்த இலைங்க. செத்த நெறத்த அவரு கேக்கலீங்க."

"இத்தன வருசமா 'சரீங்க'ங்கறதத் தவுர நீ ஒரு வார்த்த பேசிக் கேட்டதில்ல. ஒரே ஒருக்கா வாயத் தொறந்திருக்கற. அதும் எதுக்குத் தொறந்திருக்கற பாரு!" என்றார். பிறகு கார்டை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "நாளைக்கு வின்ச்சுக்கு வந்துரு."

பழுப்பு லாட்டை வேறொரு ஆர்டருக்குக் கருப்பாக்கினார்கள். செல்லையாவுக்குப் புதுத் துணி எடுக்க வேண்டியதாயிற்று. லேப்பில் கம்ப்யூட்டர் மெஷின் வெள்ளோட்டத்துக்கு வந்து உட்கார்ந்தது. மெஷின்காரர் மக்கை அதன் வாயில் வைத்தார். மக்கு வளைந்திருந்ததால் உட்காரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வந்தது. "ஒரு துண்டு மட்டும் வெட்டிக்கலாமா சார்?" என்று கேட்டாராம். மேனேஜர் மக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு கையெழுத்து இருக்குதுங்க, எதுல கத்திய வெக்கறது?" என்றாராம். கவிதாதான் இதையெல்லாம் வந்து சொன்னாள். ஒரு கையில் மக்கும் இன்னொரு கையில் சாயத் துண்டுகளுமாக வின்ச்சுக்கே வந்து, "அண்ணே, இத மட்டும் பாத்துச் சொல்லுங்க," என்பாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆவிக்குள்ளிருந்து வெளியே வந்து, வாசல் வெயிலில் பார்த்துச் சொல்வேன். எட்டு மணிக்கு மட்டும்தான் பார்ப்பேன் என்று நிபந்தனை போட்டிருந்தேன். நான் போட்ட முதல் நிபந்தனை அது. சட்டை பெரஹெராவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. நான் வின்ச்சிலேயே இருந்தேன். கால் விரல்கள் மறுபடி வெடித்தன.

மழைக்காலம் முடியும் சமயம், முதலாளி வின்ச் பக்கம் தானே இறங்கி வந்தார். ஈரத்தில் செருப்பு வழுக்க, தொட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு பார்சல்.

"சட்ட அத்தனையும் வித்துப்போச்சாம். செல்லையா அடுத்த ஆர்டர் போட்டுட்டாரு. சாம்பிள் வந்திருக்குது."

"இலைங்களா?"

"இல்ல." காகிதத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கண்ணாடி பாட்டில். அதில் தண்ணீர். "வெள்ளம் வந்தப்ப மகாவலி ஆத்துத் தண்ணி என்ன நெறத்துல போச்சோ, அந்த நெறத்துல சட்ட வேணுமாம். மெஷின்காரரு பாட்டில உள்ள வெக்கவே முடியாதுன்னுட்டாரு."

பாட்டிலில் மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அடியில் விரல்கடை அளவு வண்டல் படிந்திருந்தது. முதலாளி அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வின்ச் ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

"நாச்சிமுத்து, இதக் குலுக்கிப் பாக்கறதா, குலுக்காமப் பாக்கறதா?"

"ரெண்டும் இல்லீங்க," என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன். போனை எடுத்து, கவிதாவிடம் நம்பர் கேட்டு, நானே சுற்றினேன். அத்தனை பேரும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காது சூடாக இருந்தது.

"செல்லையாங்களா? நாச்சிமுத்து பேசறேன், திருப்பூர்ல இருந்துங்க. இது எத்தன மணிக்கு மோந்த தண்ணிங்க?"